சிக்னல் இல்லாத இடம்

பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்,
பிப்ரவரி 3

என் துருவிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் இது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற கதை பிறகு. போன மாதம் போனில் நீ சொன்னதை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடவில்லை. அப்படியே செய்து முடித்துவிட்டேன். இனி உன் அம்மாவின் பக்கத்தில் எந்த சிக்னலும் அண்டாது.

நீ சொன்னது எனக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. (எழுத்தே தெரியாதவன் இப்படிச் சொல்கிறேன் பார்.) "பிரச்சினையே செல் சிக்னல்தான்பா. அம்மாவோட நுரையீரல்ல தப்பான சிக்னல் நிக்காம போய்க்கிட்டே இருக்கு. அதை நிறுத்திட்டா மூச்சு இதுக்கு மேல குறையாம பார்த்துக்கலாம்" என்றாய். கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு நேராக பால்கனிக்குப் போனேன். எதிரே பல் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் டவர் நிற்கிறது. உன் அம்மாவின் கட்டில் தலைமாடு அதைப் பார்த்தபடிதான் கிடக்கிறது. அந்த டவரைக் கிரேன் வைத்துத் தூக்கிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்கு அடுத்த மழையில்தான் இவளுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். அவர் சிரித்தால் தொழிலுக்கு விளம்பரம், நமக்கு என்ன லாபம். டவர் அசையாது என்று தெரிந்ததும் நாம் அசைவது என்று முடிவெடுத்தேன். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கூட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். போனில் எத்தனை கோடு தெரிகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். எங்கே போனாலும் ஒரு கோடாவது ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஏழாவது மாடி நீர்வாரிய அதிகாரி நினைவுக்கு வந்தார். நான் லிஃப்ட் ஓட்டிய காலத்தில், காலையில் ஏறும்போதெல்லாம், "எங்க பம்ப் ஹவுஸ் பக்கம் போனா போன் செத்துப்போயிடுதுப்பா" என்று புலம்புவார். பட்டனை நான் அழுத்துவேன், புலம்பலை அவர் முடிப்பார், ஏழு வந்துவிடும். ஓய்வுபெற்ற மனிதரைத் தேடிப் பிடித்தேன். அவர் சொல்லிவிட, காலியாகக் கிடந்த இந்தக் குவார்ட்டர்ஸை வாடகைக்குக் கொடுத்தார்கள். போனை இஸ்திரிக்காரரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதனால்தான் நீ கூப்பிட்டால் அவர் எடுக்கிறார். இடம் தெரிந்தால் யாராவது போனோடு வந்து நிற்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பதறாதே.

இரண்டு அறை, கம்பி வலை போட்ட ஜன்னல். பம்ப் ஓடும்போது மேஜைமேல் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் தெரியும். மற்றபடி அமைதி. உன் அம்மாவுக்கு வந்த நாளிலிருந்து இருமல் குறைந்திருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை, அவளே ஒத்துக்கொள்கிறாள். "சிக்னலை நிறுத்திட்டீங்க, என் வாயை நிறுத்த முடியலையே" என்கிறாள். அந்த அளவுக்குத் தெம்பு.

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். நீர்வாரியக்காரர்களுக்குச் சீருடை தைப்பவள். அவள்தான் இதை எழுதுகிறாள். எங்கள் இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது என்றதும், "கையில ஊசி இருந்தா என்ன, பேனா இருந்தா என்ன, கோடு நேரா வந்தா சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதினோரு வருஷமாக நீ செல் சிக்னலில் பெரிய வேலை பார்க்கிறாய். மூன்றாவது வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க மககிட்ட சொல்லி நம்ம தெருவுக்கு ரெண்டு கோடு கூட்டி விடச் சொல்லுங்க" என்பார். ஒரு நாளும் உன்னை நான் சிபாரிசுக்கு இழுத்ததில்லை. இப்போது முதல்முறையாகக் கேட்கிறேன். கூட்ட வேண்டாம். குறைத்துவிடு. அந்த டவரை உன் கம்பெனியில் சொல்லி எடுத்துவிட்டால் நாங்கள் வீடு திரும்பிவிடுவோம்.

உன் அப்பா

---

பிப்ரவரி 13

அன்புள்ள அப்பா,

இஸ்திரிக்காரர் போனை எடுத்து, "எல்லாரும் நல்லா இருக்காங்க, ஆனா எங்கன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று வைத்துவிட்ட நாளிலிருந்து எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தையல்காரம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். இனி வருவதைத் தயவுசெய்து நிதானமாக, இரண்டு முறை படித்துக்காட்டுங்கள்.

அப்பா, நான் சொன்ன செல் வேறு. போன் இல்லை. நம் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அந்த ஒவ்வொன்றுக்கும் செல் என்று பெயர். அவை ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும். அந்தச் செய்திக்குத்தான் சிக்னல் என்று பெயர். டவருக்கும் அம்மாவின் இருமலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல் டாக்டர் பாவம்.

உங்கள் லிஃப்டை நினைத்துப் பாருங்கள். மாடியில் யாரோ பட்டனை அழுத்தினால் உங்கள் பெட்டிக்குள் மணி அடிக்கும், நீங்கள் போவீர்கள், ஆள் ஏறியதும் மணி நிற்கும். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால்? மணி நிற்காது. நீங்கள் போய்ப் போய்ப் பார்ப்பீர்கள், அங்கே ஆளே இருக்கமாட்டார். அம்மாவின் நுரையீரலில் நடப்பது அதுதான். எப்போதோ உள்ளே சின்னக் காயம் பட்டிருக்கிறது. "நார் போட்டு மூடு" என்று ஒரு செய்தி போயிருக்கிறது. மூடியாயிற்று. ஆனால் செய்தி நிற்கவில்லை. மேலும் மேலும் நார் போட்டு, மெத்தென்று இருக்க வேண்டிய நுரையீரல் தழும்பாக இறுகிக்கொண்டு வருகிறது. அதனால்தான் மூச்சு போதவில்லை.

அந்த மணிச் சத்தம் கேட்காதபடி காதைப் பொத்துகிற மாதிரி ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். நுரையீரல் டாக்டர் அம்மாவைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டு காத்திருக்கிறார். இந்த மார்ச் மாதக் கடைசியோடு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அதோடு, ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் அம்மாவின் மூச்சு ஓர் அளவுக்குக் கீழே போயிருந்தால் சேர்க்கமாட்டார்கள். போன முறை பார்த்தபோதே விளிம்பில்தான் இருந்தது. நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளையும் நான் இங்கே காலண்டரில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நானே ஓடி வந்திருப்பேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் அம்மாவிடம் விவரமாகச் சொன்னேனே. அம்மாவும் டவர் என்றுதான் நினைத்தாரா?

பதினோரு வருஷமாக நான் போன் கம்பெனியில் இருப்பதாகவா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வேறு ஏதோவும் வருகிறது.

உங்கள் துருவி

---

பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்,
பிப்ரவரி 24

என் துருவிக்கு,

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். முதல் தடவை படித்தபோது அவள் சிரித்தாள். இரண்டாவது தடவை உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கை கழுவ முடியும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நீ கேட்டாயே, பதினோரு வருஷமாகவா என்று. கேள். நீ வெளிநாடு கிளம்புவதற்கு முன், சான்றிதழில் கையெழுத்து வாங்க எங்கள் கட்டடத்துக்கு வந்தாய். நல்ல மழை. குடையை மடக்காமல் லிஃப்டுக்குள் நுழையப் பார்த்தாய், நான் திட்டினேன். உன்னோடு கூட மாநிறமாக, கண்ணாடி போட்ட டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் ஏறினார். மூன்றாவது மாடி தாண்டும்போது உன்னைக் கேட்டேன், "அங்க போய் என்ன வேலைம்மா பார்க்கப் போற?" என்று. "செல் சிக்னல் ஆராய்ச்சிப்பா. உங்களுக்குப் புரியாது" என்றாய். டைப்பிஸ்ட் அம்மா, "ஓ, போன் கம்பெனியா" என்றார். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐந்தாவது மாடி வந்துவிட்டது. இறங்கிவிட்டாய். சொட்டு சொட்டாகக் குடைத் தண்ணீர் தரையில் கிடந்தது, நான் துடைத்தேன். அந்த ஐந்து மாடியில் கிடைத்ததை வைத்துத்தான் நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். இதில் என் தப்பு எவ்வளவு, உன் தப்பு எவ்வளவு என்று நீயே பங்கு போட்டுக்கொள்.

இது போகட்டும். உன் கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய், அம்மாவுக்கும் புரியவில்லையா என்று. அது எனக்கு முள்ளாகக் குத்தியது. குழாயடியில் நின்றபடியே அன்றைய போன் பேச்சை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நான் டவரைப் பார்த்துவிட்டு பால்கனியிலிருந்து திரும்பி வரும்போது, இவள் உன்னிடம், "மாத்திரையா, ஊசியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு ஏதோ சளி, அதைத்தான் விசாரிக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டவருக்கு மாத்திரை குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

என் சட்டையை மடித்து முடித்து, ஓரத்தை நீவிவிட்டு, அடுக்கின்மேல் வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா" என்றாள்.

அவளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும், துருவி. தெரிந்துதான் என்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்.

"பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையாம். யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டாங்களாம். ஒரு வருஷம் தினமும் அதை வாயில போட்டுக்கிட்டு, இது அதுவா இதுவான்னு நெஞ்சைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே கிடக்கணும். எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க என்னடான்னா சிக்னலை நிறுத்தறேன்னு கிளம்பினீங்க. சரி, இதுல சிரிக்கவாவது செய்யலாமேன்னு கூடவே வந்துட்டேன்."

தையல்காரம்மா இதை எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை கொஞ்சம் கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டு போகிற வயதா எனக்கு? நீயே சொல், வெறும் மாத்திரை என்பது நிஜம்தானா? நிஜமென்றால் எனக்கே கோபம் வருகிறது. நோயாளிக்கு யாராவது வெறும் மாத்திரை கொடுப்பார்களா? காலி லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது.

உன் அப்பா

---

மார்ச் 5

அன்புள்ள அப்பா, அன்புள்ள அம்மா,

இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எப்படியும் ஒரே சமயத்தில்தான் கேட்கப்போகிறீர்கள்.

வெறும் மாத்திரை என்பது நிஜம். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மா தைரியமாகத் தன் பயத்தைச் சொன்னதற்கு நானும் தைரியமாகப் பதில் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்கிறதா, இல்லை நல்ல கவனிப்பும் நம்பிக்கையும்தான் வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. பாருங்கள், பம்ப் ஹவுஸுக்கு வந்ததும் அம்மாவின் இருமல் குறைந்தது. டவரை விட்டு வந்ததால் என்று அப்பா சத்தியம் செய்திருப்பார். இப்படித்தான் படித்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு. எந்த மாத்திரை கிடைத்தாலும் மாதாமாதம் நடக்கும் பரிசோதனை ஒரே மாதிரிதான், இப்போது சாப்பிடும் மருந்துகளையும் நிறுத்தமாட்டார்கள். வருஷ முடிவில் பலன் தெரிந்தால் எல்லோருக்கும் நிஜ மாத்திரை கொடுப்பார்கள்.

பலன் தெரியாமலும் போகலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்தி உடம்புக்கு வேண்டாத செய்தி இல்லை. கையை வெட்டிக்கொண்டால் காயத்தை மூடுவது இதே செய்திதான். அதை அடியோடு நிறுத்தினால் புண் ஆறாது, ஈறில் ரத்தம் கசியலாம். நிறுத்தாமல் விட்டால் நுரையீரல் இறுகும். எவ்வளவு நிறுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. நான் பார்ப்பது அதற்குப் பக்கத்து வேலை. காயம் மூடியதும் "போதும், நிறுத்து" என்ற செய்தி எங்கிருந்து வருகிறது என்று தேடுவது.

அப்பா, அந்த ஐந்து மாடியை நான் மறந்தே போயிருந்தேன். உங்களுக்குப் புரியாது என்று சொன்னது, அன்றைக்கு எனக்கே சரியாகப் புரியாததால்தான் என்று இப்போது தோன்றுகிறது. பங்கு போட்டுப் பார்த்தேன். எனக்குத்தான் அதிகம் வருகிறது.

அம்மா, உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். உங்கள் மூச்சு, உங்கள் முடிவு. ஆனால் எனக்கு ஆசை இருக்கிறது. அதை ஒளிக்கவும் மாட்டேன்.

மார்ச் கடைசி என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

துருவி

---

வீட்டிலிருந்து,
மார்ச் 27

என் துருவிக்கு,

வீட்டிலிருந்து என்று பார்த்ததுமே உனக்கு விஷயம் பாதி புரிந்திருக்கும். தையல்காரம்மாவும் எங்களோடு வந்திருக்கிறாள், சீருடைத் துணி எடுக்க. இல்லையென்றால் மூன்றாவது வீட்டுக்காரரிடம் சொல்லி எழுத வேண்டியிருக்கும். அந்த மனிதர் என் பேச்சுக்கு நடுவில் தன் பேச்சையும் சேர்த்துவிடுவார்.

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு உன் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துக் காய்கறி வண்டி வந்தது. வண்டி குவார்ட்டர்ஸுக்குள் இறங்காது, மேட்டுக்கு மேலே ரோட்டில்தான் நிற்கும். நாம்தான் ஏறிப்போக வேண்டும். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. போன தடவை நான் வாங்கி வந்த கத்தரிக்காயில் பாதி சொத்தை என்று ஏற்கெனவே கோபத்தில் இருந்தாள். ஏறிக்கொண்டே தொடங்கினாள். "உங்களை நம்பி ஒரு பொருள் வாங்க அனுப்பினா, வண்டிக்காரன் எதை..."

அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிட்டாள். கை தூக்கியபடி இருக்கிறது, வாய் திறந்தபடி இருக்கிறது, மீதி வரவில்லை. ஓரத்துக் கல்லில் உட்கார வைத்தேன். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னைத் திட்டுகிறாள், துருவி. ஒரு திட்டையும் நடுவில் விட்டதில்லை. அது அவள் கெட்டிக்காரத்தனம். முடிவில்தான் சுருக்கென்று வைப்பாள். அந்த முடிவுக்காக நான் நின்றேன். வரவில்லை. "வண்டிக்காரன் எதைக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துடுவீங்க, அதானே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று தலையாட்டினாள். அது இல்லையாம். வேறு ஏதோ வைத்திருந்தாளாம்.

மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. காய்கறி வண்டி போய்விட்டது.

"கிளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"உங்க மக சொன்ன இடத்துக்குத்தான். பாதித் திட்டோட எல்லாம் என்னால இருக்க முடியாது."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதும்போது பக்கத்தில் நின்ற பெண், "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்தினாள். உன் அம்மா ஊதி முடித்துவிட்டு, "எனக்கு மூச்சு இல்லைன்னு பார்த்தா, இந்தப் பொண்ணு மூச்சு வாங்குது" என்றாள். மூன்று தடவை ஊதினாள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளிம்புக்கு மேலேதான், ஆனால் ஒரு நூலிழை என்றார். நூலிழை போதும் என்று தையல்காரம்மா சொன்னாள். அவளுக்குத் தெரியாத நூலா.

பிறகு சம்மதத் தாள்களைப் படித்துக்காட்டினார்கள். நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன், "ரெண்டு மாத்திரையும் இருக்குமில்ல, அந்த வெறும் மாத்திரையை எனக்குக் குடுத்துடுங்க, நான் சாப்பிட்டுடறேன். நிஜத்தை அவளுக்குக் குடுங்க" என்று. அவர் சிரிக்கவில்லை. அப்படி முடியாது ஐயா, எது எது என்று எனக்கே காட்டமாட்டார்கள் என்றார்.

உன் அம்மா அதைக் கேட்டுவிட்டாள். டாக்டரிடம் திரும்பி, "எனக்கு எது குடுக்கறீங்கன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"இவரு பொண்ணுக்கு? அங்க இருக்காளே, அவளுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. முடியற வரைக்கும் யாருக்குமே தெரியாது."

"அப்ப சரி. நான் மட்டும்தான் இருட்டுல இருக்கேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள்.

நேற்றுதான் முதல் மாத்திரையைப் போட்டாள். மஞ்சளாக, சின்னதாக இருக்கிறது.

போனை இஸ்திரிக்காரரிடமிருந்து வாங்கிவிட்டேன், வீட்டுக்கு வரும் நாட்களில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடுவதற்காக. ஆனால் குவார்ட்டர்ஸை விடப்போவதில்லை. உன் அம்மாவுக்கு அங்கே தூக்கம் வருகிறது. மாதாமாதம் இங்கே வந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். நீ கடிதம் எழுதுவதையும் நிறுத்தாதே. ஒன்று கேட்பேன். எழுதும்போது அன்றைக்கு என்ன வேலை பார்த்தாய் என்று எழுது. சுருக்க வேண்டாம். புரியாவிட்டால் இரண்டாவது முறை படிக்க இங்கே ஆள் இருக்கிறது.

உன் அப்பா

---

ஜூன் 18

அன்புள்ள அப்பா,

இன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்றால், காயம் செய்தேன்.

உள்ளங்கை அகலத் தட்டில் செல்களை வளர்க்கிறோம். அவற்றுக்கு உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டி வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் போய் ஊட்ட வேண்டும், அதனால்தான் ஞாயிறுகளில் நான் பாதிப் பேச்சில் ஓடுவேன். தட்டு முழுவதும் அவை நெருக்கிப் பரவியதும், ஒரு மெல்லிய முனையால் நடுவில் கோடு கிழிப்பேன். அதுதான் காயம். பிறகு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி காத்திருப்பேன். இரண்டு கரையிலிருந்தும் செல்கள் மெல்ல நகர்ந்து வரும். நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடும். யாரும் சொல்லாமலே நின்றுவிடும். அம்மாவுக்கு இருப்பதுபோன்ற நோயாளியிடமிருந்து எடுத்த செல்களில் அதே கோட்டைக் கிழித்தால், தொட்ட பிறகும் நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும்.

தொட்டதும் எது நிறுத்துகிறது என்பதுதான் என் கேள்வி. இந்த வாரம் ஒரு சின்ன விஷயம் அகப்பட்டது. நல்ல செல்களில் இருக்கிற ஒன்றை இந்தச் செல்களுக்குள் சேர்த்தேன். பாதித் தட்டுகளில் அவை நின்றன. மறுபடியும் செய்தேன், மறுபடியும் நின்றன. என் தலைவி, இன்னும் நான்கு தடவை செய்துவிட்டு வா, அதன் பிறகு சந்தோஷப்படலாம் என்றார். உங்களிடம் மட்டும் முன்கூட்டியே சந்தோஷப்பட்டுவிட்டேன்.

இதை மருந்தாக்க எவ்வளவு காலமாகும் என்று கேட்காதீர்கள். நீண்ட காலம். ஆனால் நின்றன அப்பா.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு டிசம்பரில் வருகிறேன். அம்மாவுக்கு என் முத்தம்.

துருவி

---

பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்,
அக்டோபர் 9

என் துருவிக்கு,

நின்றன என்று நீ எழுதியதைத் தையல்காரம்மா நாங்கள் கேட்காமலே இரண்டு முறை படித்தாள். அவளுக்கு அந்தக் கோடு கிழிக்கிற வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. துணி வெட்டும்போது, "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து ஒட்டிக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்" என்கிறாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அரையாண்டுப் பரிசோதனை. அதே பெண் அதே மாதிரி கத்தினாள். டாக்டர் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு அதில் என்ன தெரியும், இரண்டு கோடும் ஒரே உயரத்தில் இருந்தன. இவ்வளவு நாளில் இந்த நோய் ஒரு படியாவது கீழே இறக்கியிருக்கும், இவருக்கு இறங்கவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, சில பேருக்குத் தானாகவே கொஞ்ச காலம் நிற்பதும் உண்டு என்றார்.

ஆனால் கேள். ஆகஸ்டில் உன் அம்மா காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். சின்னக் கீறல். வழக்கமாக அவளுக்கு இரண்டு நாளில் காய்ந்துவிடும். இது காய்வேனா என்றது. நாள் போகப் போக எனக்கு ஒரே சந்தோஷம். புண் ஆறவில்லை என்று மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்ட புருஷனை நீ பார்த்திருக்கமாட்டாய். காயத்தை மூடுகிற செய்தியை ஏதோ தடுக்கிறது என்றால், அது நிஜ மாத்திரையாகத்தானே இருக்க வேண்டும்? தையல்காரம்மா, கத்தி துருப்பிடித்ததாக இருந்திருக்கும் என்றாள். டாக்டரிடம் காட்டினேன். பார்த்தார், மருந்து தடவினார், எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. இப்போது ஆறிவிட்டது. உன் அம்மா, எதுவாக இருந்தாலும் சரி, இதைப் பற்றி இனி பேச்சே வேண்டாம் என்று எனக்குத் தடை போட்டிருக்கிறாள். காலையில் மாத்திரையை வாயில் போடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், நெஞ்சைப் பிடித்துப் பார்ப்பதில்லை. நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் பொத்தான் தைக்கப் போய்விடுகிறாள். பயம் எங்கே போயிற்று என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றாள்.

டிசம்பரில் வரும்போது நேராக இங்கே வா. மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது. கம்பளி மட்டும் எடுத்து வா.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, முடியாது. இந்தக் கடிதத்தை உன் அம்மாவே கொண்டுபோய்ப் போடுகிறாளாம். எப்போதும் தையல்காரம்மா சீருடை எடுக்க வரும் வண்டியில் கொடுத்துவிடுவாள். இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம் என்கிறாள். தபால் பெட்டி மேட்டுக்கு மேலே, ரோட்டோரம் இருக்கிறது. நான் கூட வரக் கூடாதாம். நடுவில் நின்றால் நான் அவள் முகத்தையே பார்ப்பேனாம், அதிலேயே பாதி மூச்சு போய்விடுகிறதாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இன்னும் எத்தனை பக்கம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பாதி மேடுவரைதான் தெரியும், அதற்கு மேல் திருப்பம். அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மீதியை நீதான் பார்க்க வேண்டும். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவள் ஏறிவிட்டாள் என்று அர்த்தம்.

உன் அப்பா